மூச்சக்காவின் தப்புக்கணக்கு

மூச்சக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பத்தொன்பது வருடமாக எம்.ஆர்.ஐ. அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் "மூச்சை இழுங்க, நிறுத்துங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லி இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைத்தெருவில் அக்கா குரல் கேட்டால் நாலு பேர் மூச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று அவர் கணவர் கேலி செய்வார்.

வேலையில் அக்கா படு கறார். படம் எடுக்கும்போது ஆள் இருமினால் கொழுப்பின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தால் குடலில் கிடப்பதும் கொழுப்பு மாதிரியே பளிச்சென்று தெரியும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தப்பு என்று ஒன்று வந்தால் அது படுத்திருப்பவரால்தான் வரும், தன்னால் வராது என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. தொப்பைக்காரர்கள் முப்பத்திரண்டு பேர் ஒரு வருடம் வாயைக் கட்டி, தினமும் நடக்க வேண்டும். உள்வயிற்றுக் கொழுப்பு எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். வயிறு முழுக்கப் படம் எடுத்தாலும், அளப்பதற்குக் குறுக்குவெட்டாக ஒரே ஒரு படம் போதும் என்றார் பெரிய டாக்டர். எந்த இடத்தில் என்ற கேள்வி வந்தது. தொப்புளில் என்று யோசனை சொன்னது அக்காதான். ஒரு மீனெண்ணெய் மாத்திரையைத் தொப்புளில் வைத்து பிளாஸ்திரி போட்டுவிட்டால் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், தேடவே வேண்டாம். டாக்டர் "பலே" என்றார். அந்தப் பலேயை அக்கா வீட்டில் நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவர், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் தையல்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வருடக் கடைசியில் ஏழு கிலோ இளைத்திருந்தார். ஆனால் படத்தில் உள்வயிற்றுக் கொழுப்பு கூடியிருந்தது. தசை வற்றிப்போய்த்தான் எடை குறைந்திருக்கிறது, ஆள் நடக்காமல் ஏமாற்றிவிட்டு இனிப்பாகத் தின்றிருக்கிறார் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார். ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, பக்கத்தில் அவர் மனைவி நிற்கிறாரே என்றும் பார்க்கவில்லை.

"மிஷின் பொய் சொல்லாது அண்ணே. நீங்கதான் ஒழுங்கா இருக்கலை."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கடைக்குப் பக்கத்தில் பேக்கரி வேறு. அன்றிலிருந்து அந்த அம்மா பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்தார், கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தார், புருஷனோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அக்கா தன் சீருடையைப் பிடித்துத் தைக்கக் கடைக்குப் போனார். துணியை வாங்கிக்கொண்டு தையல்காரர் திரும்பியபோதுதான் அவர் போட்டிருந்த பேன்ட் கண்ணில் பட்டது. பின்பக்கம் பல தடவை உள்ளே பிடித்துத் தைத்ததில் இரண்டு பாக்கெட்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தசை மட்டும் வற்றியிருந்தால் இடுப்பு இவ்வளவு சுருங்குமா? அக்காவுக்குச் சுருக்கென்றது.

திரும்பிப் போய் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் படத்தில் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு இருந்தது. கடைசிப் படத்தில் அது இல்லை. அந்த இடத்தில் சிறுநீரகத்தின் அடிநுனி எட்டிப்பார்த்தது. ஆள் இளைத்தால் இடுப்பெலும்புமா கரையும்? அப்போதுதான் உறைத்தது. முதல் படம் எடுத்த அன்று தொப்பை சரிந்திருந்ததில் தொப்புளும் கீழே இறங்கிக் கிடந்தது. தொப்பை வற்றியதும் அது மூன்று விரற்கடை மேலே ஏறிவிட்டது. அந்த மேல்பகுதியில் உள்கொழுப்பு எப்போதுமே கூடுதல். ஒரே மனிதரை இரண்டு வெவ்வேறு இடத்தில் அளந்திருக்கிறார்கள். இரண்டு தடவை எடுத்ததிலும் முதுகெலும்பின் ஒரே கணுவுக்கு நேரான படத்தைத் தேடி எடுத்து அளந்தார். கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

தையல்காரர் கணக்கை மட்டும் கமுக்கமாகத் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முப்பத்திரண்டு பேருக்கும் அதே தொப்புள்தான், அதே பலேதான். டீ ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படங்களையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, தன் தொப்புள் இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறதோ என்றார். எல்லாரையும் முதுகெலும்பை வைத்து முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான், தலையாட்டியவன் என்ற வகையில் பாதிப் பழி தனக்கு என்றும் சொன்னார்.

அக்கா நேராகக் கடைக்குப் போனார். தையல்காரர் மிஷினில் இருந்தார், மனைவி பட்டன் கட்டிக்கொண்டிருந்தார். துணி கொடுக்க வந்த இரண்டு பேர் நிற்பதையும் அக்கா பொருட்படுத்தவில்லை.

"அளந்ததுல தப்பு. அந்தத் தப்பு என்னோடது. அண்ணன் ஒருநாள்கூட ஏமாத்தலை."

அந்த அம்மாவின் கையில் ஊசி அப்படியே நின்றது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்துப் பேசினார். "அப்ப ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல நீங்க?"

தையல்காரர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அவ்வளவு பெரிய மிஷின் சொல்லுது. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கிறேனோ என்னமோன்னு, தினமும் ராத்திரி காலைக் கட்டிலோட கட்டிட்டுதான் படுத்தேன்."