ரப்பர் மரத்தில் தொங்கியவரின் லைசென்ஸ்

வீட்டுக்கு வந்ததும் அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

இன்று காலை செமிலிங் பக்கம் தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே, "ஹெல்ப்!" என்று ஒரு குரல்.

இரண்டு மாடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பாராகிளைடர் கிளைகளில் சிக்கிக் கிழிந்திருந்தது.

அங்கே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த சரசு அக்கா ஓடி வந்தார். "தம்பி, போம்பாவுக்குப் போன் போடுலா!" தீயணைப்புப் படையைத்தான் சொன்னார்.

போம்பா என்ற சொல் காதில் விழுந்ததுமே மேலே இருந்தவர் பதறிவிட்டார். "வேண்டாம்! போலீசும் வரும்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். தன் நாட்டு லைசென்சை வைத்து இங்கே பறக்க அவர் அனுமதி வாங்கவில்லையாம். அதனால் இன்சூரன்சும் செல்லாதாம். "நானே இறங்கிவிடுகிறேன்" என்று இடுப்புப் பட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

கிளை படீரென்று முறிந்தது. ஓர் ஆள் உயரம் சரிந்து, அடுத்த கிளையில் மாட்டி நின்றார்.

அக்கா கத்தினார். "டேய், கைய எடுடா! உசுரு போனா எந்த இன்சூரன்ஸ்டா திருப்பித் தரும்?"

தமிழ் புரிந்ததோ என்னவோ, கையை எடுத்துவிட்டார். நான் போன் போட்டேன்.

போம்பாக்காரர்கள் ஏணி வைத்து இறக்கினார்கள். கணுக்காலில் வீக்கம், அவ்வளவுதான்.

கூட வந்த போலீஸ்காரர் அவரிடம் லைசென்ஸ் கேட்டபோது நான் மெல்ல ஒரு மரத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். என் மோட்டார் லைசென்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகிறது.

நல்லவேளை, போலீஸ்காரர் என் பக்கம் திரும்பவில்லை. உங்களில் யார் யாருக்கு லைசென்ஸ் முடிந்திருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள், நாளைக்குச் சேர்ந்தே போய்ப் புதுப்பிக்கலாம்.