அவர் விட்டுப்போன பூட்டு

பாறசாலையில் ரயில் ஏறினால் நெய்யாற்றின்கரைக்கு எனக்குப் பதினான்கு நிமிஷம். கண் வைத்தியத்துக்குப் போன ஆறு நாளும் ஒரு பெண் பக்கத்து ஜன்னலோரத்தில் இருந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன், போனில் ஒரு விளையாட்டு.

வாளும் மந்திரமும் வரும் விளையாட்டு அது. அதில் பூட்டிய பெட்டிகளைக் கம்பி விட்டுத் திறக்க வேண்டும். கம்பி சரியான இடத்தில் நின்றால் பூட்டு திரும்பும். தப்பினால் போன் அதிரும்; அதற்கு மேலும் திருப்பினால் கம்பி ஒடியும். அவள் திரையைப் பார்ப்பதே இல்லை. வெளியே தென்னைகளைப் பார்த்தபடி, விரலில் தெரியும் அதிர்வை வைத்தே திறப்பாள். முப்பத்தொரு பெட்டி எண்ணினேன். ஒடிந்தவை இரண்டே கம்பி.

ஒரு பெட்டியை மட்டும் தினமும் பாதி திருப்பிவிட்டு நிறுத்திவிடுவாள். ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“மக்களே, இன்னும் கொஞ்சம் திருப்பினா திறந்திருக்குமே!”

“தெரியும் பாட்டா. அது எனக்க மாப்பிள்ளைக்க பெட்டியாக்கும். கப்பலுக்குப் போற அன்னு இருபது கம்பி ஒடிச்சாரு. வந்து நான்தான் திறப்பேன், நீ தொடப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“பின்ன ஏன் தொடுற?”

“அவரு விட்ட எடம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாறேன்.”

“எப்ப வருவாரு?”

“ஒம்பது மாசம்னாரு. இப்ப பதினேழு.”

கண் சரியாகிவிட்டது. ஆனாலும் வாரம் ஒருமுறை அந்த ரயிலில் ஏறுகிறேன். நான்கு வாரமாக அந்த ஜன்னலோரத்தில் வேறு யாரோ. அவர் வந்திருப்பார், இருபத்தோராவது கம்பியில் திறந்திருப்பார் என்றுதான் எண்ணிக்கொள்கிறேன்.