மாமா புகை போட்ட கறி

எங்கள் அப்பாவைப் போல ஒரு பக்திமான் தூத்துக்குடியிலேயே கிடையாது என்று அந்த வருடம் நான் முழுமனதாக நம்பினேன். அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணியை அவர்தான் நடத்துவார். தவக்காலத் தொடக்கத்தில் கடலிலிருந்து திரும்பியவர் தாடியோடு வந்தார். வந்த நாளிலிருந்து கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை, பேச்சும் குறைந்துபோயிற்று. அக்காள் கல்யாணத்துக்காக நேர்ச்சை என்றாள் அம்மா. தெருவில் மற்ற அப்பாமார் வெள்ளிக்கிழமை ஒருநாள் கறியை விடுவதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார்கள். எங்கள் அப்பாவோ தினமும் கஞ்சி! பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

ஈஸ்டர் வந்தது, போனது. நேர்ச்சை மட்டும் முடியவில்லை. வில்லங்கம் அதில்தான் ஆரம்பித்தது.

அக்காளைப் பெண் கேட்டிருந்த புன்னைக்காயல் வீட்டுக்குப் பேச்சு முடிக்கப் போன அப்பாவுக்கு அவர்கள் பன்றிக்கறியும் சோறுமாக இலை போட்டிருக்கிறார்கள். அப்பா ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். சம்பந்தம் பேசப்போன வீட்டில் கை நனைக்காமல் திரும்புவதும், உங்கள் பையன் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்வதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். மாப்பிள்ளையின் அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: “நிச்சயத்துக்கு வாறோம். பொண்ணோட தகப்பனாரு எங்ககூட ஒரே பந்தியில இருந்து கறியும் சோறும் சாப்பிடட்டும். இல்லேன்னா வெத்தலை மாத்த வேண்டாம்.”

அக்காளுக்கு அந்த மாப்பிள்ளை மேல் உயிர். அவள் தலையணையை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் தினமும் கோவிலுக்குப் போய், எங்கள் அப்பாவை நேர்ச்சையிலிருந்து விடுவித்துவிடு தாயே என்று மாதாவிடம் மன்றாடினேன். சாமி விஷயத்தில் மனிதர் தலையிட முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்து இறங்கினார். மாமா அம்மாவின் தம்பி, வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரர். வந்த அன்றே அம்மா அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ பேசினாள். வெளியே வந்த மாமா, வீடே கேட்கும்படி அறிவித்தார். “நிச்சயத்துக்குக் கறி என் பொறுப்பு. அமெரிக்காக்காரன் திங்குத மாதிரி புகை போட்டுத் தாரேன், பாருங்க.”

அப்பாவின் அக்காள், எங்கள் அத்தை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “சம்பந்தகாரன் வாரது கறி திங்கவா, உன் வித்தையைப் பாக்கவா? ஒழுங்கா மசாலா அரைச்சுக் கொழம்பு வையிலே!”

மாமா காதில் வாங்கவேயில்லை. ஒரு இரும்பு டிரம்மைச் சுட்டுச் சுத்தம் செய்தார், அடியில் துளை போட்டார். பன்றியின் முன்னங்கால் தோள்பக்கத்தை எலும்போடு பெரிய பெரிய துண்டுகளாக வாங்கிவந்து, உப்பும் மிளகும் கருப்பட்டித் தூளும் தடவி ஊற வைத்தார். நிச்சயத்தன்று முதல் கோவில் மணி அடிக்கும்போதே டிரம்முக்குள் உடைமரக் கட்டை கனிந்துகொண்டிருந்தது. மேலே கம்பி வலை, வலைமேல் கறி, மூடிமேல் ஈரச்சாக்கு. கொழுந்துவிட்டு எரியக் கூடாதாம், புகைந்துகொண்டே இருக்க வேண்டுமாம். மாமா அவ்வப்போது மூடியை இம்மியளவு நகர்த்திக் கறிமேல் வினிகர்க் காடியைத் தெளித்துவிட்டு, டப்பென்று மூடுவார். கொல்லையில் ஆரம்பித்த புகை தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, “ஏலே, தீ எங்கன பிடிச்சிருக்கு?” என்று கத்தினார்.

மத்தியானம் ஆயிற்று. கறி வேகவில்லை. வெயில் சாய்ந்தது. அப்போதும் மாமா கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புன்னைக்காயல் ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று சேதி வந்ததும் அத்தை அரிவாள்மனையும் கையுமாகக் கொல்லைக்கு வந்துவிட்டாள்.

“தள்ளுலே அங்கிட்டு! வெட்டிக் கொழம்புல போட்டு மானத்தைக் காப்பாத்துதேன்!”

மாமா டிரம்முக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். “இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க. இப்ப வெட்டுனா கடிக்கத்தான் வேண்டியிருக்கும்.”

“கறின்னா கடிக்காம? குடிக்கவா செய்வான்?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தை பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாதவள் எங்கள் அம்மா. அன்று அத்தையின் கையிலிருந்த அரிவாள்மனையை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். “விடுங்க மைனி. அவன் சொல்லுத மாதிரியே ஆகட்டும்” என்றாள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கி நின்றாள்.

ஜெபம் முடிந்து இலை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மாமா மூடியைத் திறந்தார். உள்ளே கன்னங்கரேலென்று கிடந்ததைப் பார்த்து, “போச்சு, எல்லாம் போச்சு” என்று அத்தை உட்கார்ந்துவிட்டாள். மாமா எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினார். ஒரு நார்கூட ஒட்டாமல் எலும்பு தனியாகக் கையோடு வந்தது! பிறகு விரலாலேயே கறியை இடியாப்பம் உதிர்ப்பதுபோல உதிர்த்து, வடிந்த சாற்றையும் காடியையும் விட்டுப் பிசறி எல்லா இலைக்கும் அனுப்பினார்.

அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தன் கையால் ஒரு பிடி கறியை எடுத்து அப்பா இலையில் வைத்தார். பந்தியே அப்பாவைப் பார்த்தது. கதவிடுக்கில் அக்காள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த பிடியை அவரே எடுத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, பல்லுக்கு வேலையே இல்லையே! வாயில வச்சதும் போயிருதே!” என்று மாப்பிள்ளையின் அப்பா வியந்தார். கிழவர்களெல்லாம் மறுசோறு கேட்டார்கள். ஆத்தூர் வெற்றிலைத் தட்டு மாறியது. அப்பாவின் கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து, பாழாய்ப்போன புகை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். நேர்ச்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடுக்கடலில் பாய்மரத்தின் குறுக்குக் கட்டை திரும்பி அப்பாவின் தாடையில் அடித்துவிட்டது. எலும்பு விட்டுப்போய்க் கோணலாகக் கூடியதில் மெல்ல முடியாமல் போயிற்று. தண்டலுக்கே அடி என்று தெரிந்தால் முதலாளி தோணியை வேறு கைக்கு மாற்றிவிடுவார், அப்புறம் கல்யாணம் எங்கே நடக்கிறது? கூட வந்த ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. வீக்கத்தைத் தாடி மறைத்தது, கஞ்சியைத் தவக்காலம் மறைத்தது. அவருக்கு மட்டும் கறியைக் கொத்திப் போட்டால் ஊர் கேள்வி கேட்கும். அதனால் மாமா, மெல்லத் தேவையில்லாத கறியைப் பந்தி முழுவதற்கும் போட்டுவிட்டார். அலட்டல்காரன் என்று அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கடைசிவரை யாரிடமும் திருத்தவுமில்லை. எங்கள் குடும்பத்தின் மானமும் சோறும் அந்த மனிதர் போட்ட பிச்சை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்று எனக்கு என்ன தெரியும்? விருந்தாட்கள் கிளம்பியதும் கொல்லையில் முழங்காலிட்டு, அப்பாவின் நேர்ச்சையை முடித்துவைத்த மாதாவுக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன். பக்கத்தில் மாமா கைகால் எல்லாம் கரியோடு கம்பி வலையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை தேய்ப்பதை நிறுத்திவிட்டு, என்னோடு சேர்ந்து அவரும் “ஆமென்” என்றார்.