அலகைப் பார்க்காமல் சொன்ன பெயர்

கடந்த குளிர்காலத்தில் ஹம்பேர்க் நகருக்கு வெளியே, ராப்ஸ் எண்ணெய்ப் பயிர் முளைத்திருந்த வயலொன்றில் அன்னங்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. காரை நிறுத்தி, நகர ஏரி அன்னங்களுக்கு வழக்கமாகப் போடும் பாண் ரொட்டிப் பையுடன் வயலுக்குள் இறங்கினேன்.

"இஞ்சேருங்கோ, கிட்டப் போகாதேங்கோ," என்றாள் மனைவி. "ஏரியில நிக்கிறதுகள் இப்பிடிக் கத்துறேல்லை. கழுத்தையும் பாருங்கோ, தடி மாதிரி நிமிந்து நிக்குது."

"நான் விலங்கியல் படிச்சவன். இதுகள் ஏரி அன்னம்தான். பாணைக் கண்டா ஓடிவரும்."

"ஓம், உங்களுக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை. போங்கோ."

நான் பாணை உயர்த்திக் காட்டியதும் கூட்டம் முழுவதும் பதறி எழுந்தது. வயலுக்கு மேலே போன மின்கம்பி மூடுபனியில் தெரிந்திருக்காது. ஒன்று அதில் மோதி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உயிர் இல்லை.

ஏரி அன்னத்தின் அலகு செம்மஞ்சள். அடியில் கறுப்புக் குமிழ் இருக்கும். இதன் அலகோ நுனி கறுத்த மஞ்சள், குமிழ் இல்லை. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த, மனிதருக்குப் பழகாத காட்டு அன்னம். இன்னொன்று திரும்பி வந்து என் தலைக்கு மேல் கூவிக்கொண்டே சுற்றியது. மனைவி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த வித்தியாசத்தை நான் முன்பே படித்திருந்தேன். அலகைத்தான் பார்க்கவில்லை. பைனாகுலர் பின்சீட்டில் கிடந்தது.

இப்போது வயலுக்குள் இறங்குவதில்லை. காரில் இருந்தபடியே, பைனாகுலரில் முதலில் அலகைப் பார்க்கிறேன். இது என்ன பறவை என்று மனைவி கேட்டால், பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்வேன். அவள் கேட்பதில்லை.