கெல்லிமலை

கோகிலாவுக்கு விண்டோஸைப் பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னால் போதாது, அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவளுக்கு மூக்கு சுருங்கும். ஒரு வரி முடிந்தது என்று காட்ட மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஒரு குறி போதும். விண்டோஸுக்கு மட்டும் இரண்டு வேண்டும். "ஒண்ணுக்கு ரெண்டா முட்டுக் குடுத்தாத்தான் தொரை நிப்பாராமா" என்பாள்.

விண்டோஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொல்லிமலை வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள், கீழே இறங்கி இன்ஜினீயரிங் படித்தாள், பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்தாள், அங்கே இருந்த அத்தனை பேரையும் மட்டமாக நினைத்தாள், திரும்ப மலையேறி வந்துவிட்டாள். இங்கே வந்து இங்கிருப்பவர்களை மட்டமாக நினைக்கத் தொடங்கினாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அது சோற்றுக்கு. புருஷன் சதீஷ்குமார் பலாப்பழ லோடு ஓட்டுகிறவன். "பொழுதன்னைக்கும் அந்தக் கறுப்புத் தெரையில என்னதாம் புள்ள பண்றே?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டான். அவள் விளக்கிய விதத்தில் அவன் அப்புறம் கேட்கவே இல்லை.

அந்தக் கறுப்புத் திரைதான் சாமை. எழுத்து அடிப்பதற்கான மென்பொருள். படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு அதில் வேலையே கிடையாது. கறுப்பில் பச்சை எழுத்து ஓடும், அவ்வளவுதான். எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே மேய்க்கிறவர்களுக்கு அதுதான் வசதி. ரொம்பச் சின்னது என்பதால் சாமை என்று பெயர் வைத்தாள். ஜப்பான் பெயரா என்று வெளிநாட்டில் ஒருவன் கேட்டிருந்தான். "உன் மூஞ்சி" என்று தமிழிலேயே பதில் போட்டாள்.

எழுதியது பெரிய காரியமில்லை, அதைக் கட்டிக் காப்பதுதான் பாடு. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் அது ஓட வேண்டும். ஒன்றில் அம்புக்குறிச் சாவி வேலை செய்தால் இன்னொன்றில் திரை கலங்கும். அதைச் சரிசெய்தால் மூன்றாவதில் தமிழ் படுத்துக்கொள்ளும். ஒன்பது வருஷமாக இந்தக் கூத்துதான். பயன்படுத்துகிறவர்கள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், கை கொடுக்க இருப்பவன் முரளி ஒருவன். கூடப் படித்தவன், சேலத்துக்காரன், இப்போது பெங்களூரில் இருக்கிறான். மேக் அவனிடம் இருக்கிறது. லினக்ஸ் கோகிலாவிடம். விண்டோஸ் ஏழு என்கிற அந்தக் கிழட்டு விண்டோஸ் சோளக்காடு என்கிற மலையூரில் மனு அடித்துக் கொடுக்கிற பெருமாயியிடம்.

அந்த விண்டோஸ் ஏழை வைத்துத்தான் வம்பு வந்தது. அதைச் செய்தவர்களே கைகழுவி வருஷக் கணக்காகிறது. அதன் கறுப்பு ஜன்னலில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கோகிலா வேறொரு ஜன்னலைக் கொண்டுவந்து மாட்டி, அதற்குள் சாமையை உட்காரவைத்து, அதற்கென்று தனியாக ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். சாமையைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டு பிய்ந்துகொள்ளும், முரளியும் சேர்ந்து மாரடிக்க வேண்டும்.

"ஏழை வெட்டிடலாம், கோகிலா" என்று சாமையின் பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, முரளி எழுதினான்.

"ஏழையை வெட்டறதுதானே உங்க ஊர்ப் பழக்கம்" என்று ஆரம்பித்தாள் கோகிலா. எங்கள் மலையில் ஒரு பெண் இருக்கிறாள், அந்தப் பழைய இயந்திரத்தில் சாமையில் மனு அடித்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது, ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு அவள் சோற்றில் மண்ணைப் போடாதே என்று வெளுத்து வாங்கிவிட்டாள். முகம் தெரியாத ஆட்களெல்லாம் கைதட்டினார்கள். முரளி அங்கே ஒன்றும் எழுதவில்லை. போன் செய்தான்.

"நிஜமா அந்த அக்கா அடிச்ச மனு ஒண்ணு அனுப்பு. ஒரே ஒரு ஃபைல் போதும். அதைக் காட்டிட்டா இனி ஏழைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா நான் கெளம்பறேன். திட்டு வாங்கிட்டு இலவசமா வேலை செய்ய எனக்குத் தெம்பு இல்லை."

"ஃபைல்தானே? மூஞ்சியில அடிக்கிறேன் பாரு" என்று வைத்துவிட்டாள். வாய்தான் அப்படி. முரளி போனால் மேக் போகும், பாதி வேலை போகும், சாமை மொத்தமும் அவள் ஒருத்தி தலையில் விழும், வருஷம் தாங்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இத்தனைக்கும் பெருமாயியை அவளுக்குப் பிடிக்குமா? அதுதான் இல்லை. பெருமாயி நாமக்கல்லில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். கீபோர்டைப் போட்டு உரல் இடிப்பது மாதிரி இடிப்பாள். திரையைப் பார்க்கவே மாட்டாள், எதிரே இருக்கிறவர் வாயைப் பார்த்தபடி அடிப்பாள். லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றதற்கு "எனக்கு எதுக்கு உன்ர பிச்சை?" என்று கேட்டவள். எப்போதோ ஒருநாள் "உன்ர சாமை எழுத்தை முழுங்குது கண்ணு" என்று சொன்னபோது, "முழுங்கறது சாமை இல்லீங்க்கா. ஸ்கிரீனைப் பாத்து அடிச்சுப் பழகுங்க" என்று சொல்லிவிட்டுக் கோகிலா அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயிருந்தாள்.

சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, வாழைத்தார்க் கடைக்கும் மிளகு வாங்குகிற கடைக்கும் நடுவில் பெருமாயியின் கடை. உள்ளே ஒரு மேஜை, அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர், ஒரு புதுப் பிரிண்டர், பெருமாயி. இன்னொரு ஆள் நுழைய மூச்சைப் பிடிக்க வேண்டும். திரையில் சாமை திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் கோகிலாவுக்கு உள்ளுக்குள் ஒரு கொழுப்பான சந்தோஷம்.

"வந்துட்டியா? இந்த வாரம் என்ன சீக்கு உன்ர சாமைக்கு?"

"நீங்க அடிச்ச மனு ஒண்ணு வேணுங்க்கா. ஒருத்தன் வாயை அடைக்கோணும்."

பெருமாயி முந்தானையைச் சரிசெய்தாள். "பழசெல்லாம் அழிச்சுப் போட்டேனே."

"இதா, தெரையிலயே ஒண்ணு இருக்குதே."

"அதை விடு. அது வேற."

வேற என்ன வேற? கோகிலா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கோப்பின் மேல்வரிக்குப் போனாள். 'கெல்லிமலை வட்டம், வளப்பூர் நாடு, குழந்தைவேலு ஆகிய நான்' என்று ஒரு மனு ஆரம்பித்தது. கோகிலா வாய்விட்டுச் சிரித்தாள். பொறந்து வளர்ந்த மலையின் பேரைக்கூட ஒழுங்காக அடிக்க வரவில்லை, இதில் ஹையர் பாஸ் வேறு! சிரித்துக்கொண்டே கீழே இறங்கினாள். நாலு வரியில் மனு முடிந்தது. அதற்குக் கீழே 'கசடதபற கசடதபற' என்று இருந்தது. அதற்குக் கீழே 'ளளளள நனநன'. பக்கம் பக்கமாக இதேதான். இறங்க இறங்க முடிவே இல்லை.

"இது என்னங்க்கா?"

பெருமாயி பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். மாதம்மாள் என்று பெயர் சொன்னாள். அவள் ஊர் விலக்கில் பஸ் நிற்காமல் போகிறதாம், கலெக்டருக்கு மனு போட வேண்டுமாம்.

"எந்திரி" என்று கோகிலாவை எழுப்பிவிட்டுப் பெருமாயி உட்கார்ந்தாள். மாதம்மாள் சொல்லச் சொல்ல, அவள் முகத்தைப் பார்த்தபடி பத்து விரலாலும் டமடமவென்று அடித்தாள். பின்னாலிருந்து கோகிலா திரையைப் பார்த்தாள். கசடதபற, கசடதபற. மாதம்மாள் பயபக்தியோடு பச்சை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கம்மா, வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று பெருமாயி போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள். "மதிப்பிற்குரிய ஐயா கமா, எங்கள் ஊருக்கு வரும் பேருந்து..." என்று அவள் குரல் தகரத்தைத் தாண்டிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் தானாக முனகியது. சுத்தமான தமிழில் மனு வெளியே வந்தது.

மாதம்மாள் போனதும் கோகிலா கேட்டாள்.

"எத்தனை நாளாங்க்கா இது?"

"ரெண்டு வருசம் இருக்கும். ஃபோன்ல பேசுனா அதுவே அடிச்சுக் குடுக்குது. அதை அவங்க முன்னால செஞ்சா, இதுக்கு நீ எதுக்கும்பாங்க. இந்தக் கறுப்பும் பச்சையும் ஓடோணும், நானும் நாலு அடி அடிக்கோணும். அப்பத்தான் ஆபீசு மாதிரி இருக்குதும்பாங்க."

அடப்பாவி மனுஷி! எவளுக்காக ஊரே பார்க்க முரளியை நார்நாராகக் கிழித்தாளோ, அவளுக்குச் சாமை வெறும் திருஷ்டிப் பூசணிக்காய். கோகிலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "டைப் அடிக்கத் துப்பில்லைன்னு சொல்லுங்க. ஊர்ப் பேரையே கெல்லிமலைன்னு அடிச்சுப்போட்டு..."

"நிறுத்து." பெருமாயி சத்தம் போடவில்லை. "அது நான் அடிச்சதில்லை. உன்ர சாமை தின்னது. அந்த மனுவைத்தான் குழந்தைவேலு கீழ ஆபீசுக்குக் கொண்டு போனாரு. கெல்லிமலையா, அது எந்த ஸ்டேட்டுலய்யா இருக்குதுன்னு படிச்சுக் காட்டிச் சிரிச்சாங்களாம். அவரு வந்து என்ர மூஞ்சில காயிதத்தை எறிஞ்சாரு. நான் ஹையர் பாஸ் பண்ணவ கண்ணு. அன்னைக்கோட இதுல அடிக்கறதை விட்டேன். உங்கிட்டச் சொன்னனே? ஸ்கிரீனைப் பாருன்னுட்டுப் போனே. இப்ப நீ பாரு."

அடித்துக் காட்டினாள். டைப்ரைட்டர் பழக்கப்படி முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். திரையில் 'கொ' சரியாகத்தான் நின்றது. அடுத்து வேண்டுமென்றே தப்பாக ஒரு 'ள' போட்டாள். அந்த ஒரு எழுத்தை அழித்தாள். ள போயிற்று. போகும்போது முன்னால் இருந்த காலையும் இழுத்துக்கொண்டு போயிற்று. 'கெ' மட்டும் நின்றது.

"விண்டோஸ் பண்ற வேலைங்க்கா இது" என்று கோகிலா சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அவள் எப்போதும் அடிக்கிற முறையில் க-வுக்குக் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்து வந்துவிடும். பெருமாயி முறையில் கொம்பு தனி, கால் தனி. அந்த முறைக்கு மாற்றிக்கொண்டு லினக்ஸில் அடித்தாள், அழித்தாள். கெ. முரளிக்குப் போன் போட்டாள். "ஒண்ணும் கேக்காத. நான் சொல்றபடி மேக்ல அடி" என்றாள்.

"கெ வருது" என்றான் முரளி.

ஒன்பது வருஷத்தில் மூன்றும் ஒத்துப்போனது இதில்தான். பிழை விண்டோஸில் இல்லை, சாமையில் இருந்தது. அவள் எழுதிய வரியில் இருந்தது. தேடிப் பிடித்தாள். அதற்குப் பக்கத்தில், படிப்பவர்களுக்காக அவளே எழுதி வைத்த குறிப்பும் இருந்தது: 'ஒரு எழுத்துக்கு ஒரு குறிதான். ஒன்றுக்கு இரண்டாகப் போடும் முட்டாள்களுக்குச் சாமை பொறுப்பில்லை.'

படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டாள். அவமானமாக இருந்தது. அப்புறம் திறந்து, அந்தக் குறிப்பையும் மறைக்காமல், கசடதபறவையும் மறைக்காமல், எல்லாவற்றையும் முரளிக்கு அனுப்பினாள். சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அந்த அக்கா சொன்னப்ப என்ன சொன்னே?"

"ஸ்கிரீனைப் பாத்து அடிங்கன்னேன்."

"நான் போன மாசம் மேக்ல கர்சர் ஓடுதுன்னு சொன்னப்பவும் அதையேதான் சொன்னே, கோகிலா."

கர்சர் விஷயம் அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

"ஏழுக்குக் கடைசியா ஒரு சாமை கட்டி அந்த அக்காவுக்குக் குடுத்துரு" என்றான் முரளி. "அப்புறம் வெட்டிடு. இந்தத் தடவை வரைக்கும் கூட இருக்கேன். அதுக்கப்புறம் யோசிச்சுச் சொல்றேன்."

பிழையைச் சரிசெய்ய ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. ரெண்டு வருஷம் முன்னாலும் பிடித்திருக்காது. புதுச் சாமையைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனாள். "போட்டுக் குடுக்கறேன், அடிச்சுப் பாருங்க்கா" என்றாள். விண்டோஸைத் திட்டாத கோகிலாவைப் பெருமாயி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பெருமாயி உட்கார்ந்து, முதல் தடவையாகத் திரையைப் பார்த்து அடித்தாள். கொ. தப்பாக ஒரு ள. அழித்தாள். ள மட்டும் போயிற்று. கொ அசையாமல் நின்றது. கொல்லிமலை என்று முழுசாக அடித்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றாள். "அன்னைக்கே குடுத்திருந்தா அடிச்சிருப்பேன்."

வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். காட்டுக்குக் கரண்டு வேண்டும் என்று மனுவாம். பெருமாயி அவர் முகத்தைப் பார்த்தபடி டமடமவென்று அடித்தாள். கசடதபற. ஒரு எழுத்துகூட முழுங்கப்படாமல், சுத்தமாக, கசடதபற. பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

பெரியவர் பச்சை எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்டூலில் இருந்த கோகிலாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, இந்த மிசின்ல என்னங்க ஓடுது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் கோகிலா. "சும்மா காட்டறதுக்கு வெச்சிருக்கறதுங்க."