லிஃப்ட்காரரும் கல்படிகளும்

குதிகாலால் படியில் ஓங்கி ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார் லிஃப்ட்காரர். "ம்ஹும், சத்தம் சரியில்ல. எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க." கோட்டைக்கு ஏறும் பாதையில் பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். எத்தனையோ தலைமுறைப் படைகள் குதிரையும் பீரங்கியுமாக ஏறிப் போன படி அது. அதெல்லாம் லிஃப்ட்காரரிடம் எடுபடுமா?

ஊரில் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். குட்டையான ஆள், அகலமான தோள், எந்தச் சோப்புக்கும் மசியாத கிரீஸ் நகக்கண்ணில். பாறையும் பழைய கோட்டையுமான இந்தப் பக்கத்துக்கு ஒரு கூட்டத்தோடு பஸ்ஸில் ஒரு வாரச் சுற்றுலா வந்தது அவர் மனைவியின் ஆசை. அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. விடிந்தால் அடுப்பு, நிமிர்ந்தால் புகைபோக்கி. ஒரு மலையின் உச்சியிலாவது நின்று நாலாபக்கமும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருஷமாகக் குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகியிருந்தார். "லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டியே படியில ஏறினா என் பொழப்பு என்னாகுறது?" என்று இவர் புலம்பியதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வந்த இடத்தில்தான் வினை. முதல் நாள் காற்று பலமாம். மறுநாள் படியில் பாசியாம். அதற்கடுத்த நாள் சத்தம் சரியில்லையாம். தினமும் பாதி மலையில் இவர் உட்கார்ந்துவிடுவார். மனுஷனைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் அந்த அம்மாவும் உட்காருவார். இறங்கி வருகிறவர்களின் செல்போனை வாங்கி, "ஓ, மேல இப்படித்தான் இருக்குமா?" என்று உச்சியைப் பார்த்துக்கொள்வார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஐந்தாம் நாள்தான் கூத்து. பழக்கதோஷத்தில் பையோடு கொண்டுவந்திருந்த 'பழுதுபார்ப்பு நடக்கிறது, உபயோகிக்க வேண்டாம்' பலகையைக் காவல் கோபுரத்துப் படி வாசலில் மாட்டிவிட்டார். வேறொரு பஸ்ஸில் வந்த கூட்டம் முழுக்க அதைப் படித்துவிட்டு முணுமுணுத்தபடி திரும்பிப் போயிற்று. இவர்கள் கூட்டத்தின் வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள்.

"சார், என்ன சார் இது? இது என்ன லிஃப்ட்டா?"

"ஒரு கல்லு ஆடுதும்மா. தெரிஞ்சும் போர்டு மாட்டலேன்னா என் பேர் கெட்டுடும்."

"உங்க பேரு இங்க யாருக்கு சார் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. அன்று சாயங்காலம் விடுதி அறையில் அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "எனக்கு வயசாயிடுச்சு, என்னால ஏற முடியாதுன்னு நெனைக்கிறீங்க. அதை நேரா சொல்லிட்டுப் போங்களேன்." லிஃப்ட்காரரோ கிறீச்சிட்ட அலமாரிக் கதவின் கீலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள், இருப்பதிலேயே உயரமான பாறை. பாதிக்கு மேல் படியே இல்லை. மொட்டைப் பாறையில் கால் வைக்கச் சின்னச் சின்னக் குழிகள், பிடித்துக்கொள்ள ஓர் இரும்புச் சங்கிலி. அவ்வளவுதான்.

"என்ன, இன்னைக்கும் சத்தம் சரியில்லையா?" என்றார் மனைவி.

அவர் காலால் தட்டவே இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"எல்லா நாளும் சத்தம் நல்லாத்தான் இருந்துது. பயம் எனக்குத்தான். பெட்டிக்குள்ள நின்னா எத்தனை மாடி வேணாலும் போவேன். நாலு பக்கமும் சுவர் இல்லாம இப்படி வெட்டவெளியில... நிக்கவே முடியல."

அந்த அம்மா அவரையே பார்த்தார். "இதை மொத நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நீ சிரிப்பே."

"சிரிக்கத்தான் செய்வேன்!" என்று சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் கோபம் போன இடம் தெரியவில்லை. "நீங்க இங்கயே இருங்க. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அந்த அம்மா முதல் குழியில் கால் வைத்ததுமே காற்றில் சங்கிலி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இவர் பாய்ந்து அதன் கீழ்நுனியைப் பிடித்தார். பாறையில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தார். ஆட்டம் நின்றது. மனைவி நிதானமாக ஏறிப் போனார்.

"அதெல்லாம் கெட்டியாத்தான் சார் இருக்கு. விட்டுட்டு வாங்க, ஒரு டீ குடிக்கலாம்" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"அவ எறங்கட்டும்."

சற்று நேரத்தில் உச்சியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க! இங்க பாருங்க! கையைக் காட்டுங்க!" வானத்தை ஒட்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்றார் அந்த அம்மா. வாரம் முழுக்க உயரத்தை ஏறிட்டும் பார்க்காத லிஃப்ட்காரர் அண்ணாந்து பார்த்தார். சங்கிலியை விட மனம் வராமல், சரி சரி என்று தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.