கெபிக் கல்லில் பாசி

1956-இல் ஆவூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் புதிதாக மாதா கெபி கட்டினார்கள். செம்பொறைக் கல்லைக் குகை மாதிரி அடுக்கி, உள்ளே சுரூபத்தை வைத்தார்கள். சுற்றிலும் மொட்டைச் செம்மண். இந்தக் கல் மேலேயும் தரையிலேயும் பச்சை படர்ந்தால் எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடத்து வியாகுலமேரி டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. வந்தது போகவில்லை.

தரை சுலபமாக வழிக்கு வந்தது. கம்மாய்க் கரையிலிருந்து பொடுதலைக் கொடியைக் கொண்டுவந்து ஊன்றினாள். இரண்டு மழையில் மண்ணோடு மண்ணாக ஒட்டி ஓடிப் பூவும் பூத்தது. கல்தான் மசியவில்லை. கிணற்றுச் சுவரில் சுரண்டிய பாசியைச் சாணிப்பாலில் குழைத்து அப்பினாள்; மூன்றே நாளில் கருகிற்று. கஞ்சித்தண்ணி ஊற்றினாள், எறும்புதான் வந்தது. ஊரே பாசியில் வழுக்கி விழுகிறது, டீச்சர் அதை வளர்க்கிறாராம் என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஞானராஜ் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பங்குனியில் ஒருநாள், வெயில் பார்த்த மதகுச் சுவரில் கறுப்பாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்ததைக் கண்டாள். பெயர்த்து உள்ளங்கையில் வைத்து, சும்மாதான், கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். சுருண்டு கிடந்த நுனிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாயிற்று. நம்ப முடியாமல் இன்னொரு துண்டையும் நனைத்துப் பார்த்தாள். கிணற்றுப் பாசி நிழலில் வளர்ந்தது; இதுவோ காய்ந்தாலும் சாகாமல் மழைக்குக் காத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் அதைக் கல்லிடுக்குகளில் அழுத்தி வைத்தாள். கார்த்திகையில் பச்சை பிடித்தது. சித்திரையில் கறுத்தது. திருவிழாவுக்குச் சுத்தம் செய்கிறேன் என்று ஞானராஜ் கம்பி பிரஷ்ஷால் முக்கால்வாசியைச் சுரண்டிக் கீழே தள்ளிவிட்டார்.

டீச்சர் ஓடி வந்தாள்.

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன் டீச்சர்," என்றார் அவர்.

கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்துச் செம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஞானராஜ் குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"அப்ப இது இம்புட்டு நாளும் உசுரோடயா இருந்துச்சு?"

சுரண்டியதையெல்லாம் அவரே முறத்தில் அள்ளி நிழலில் வைத்தார். மழை வந்ததும் இருவருமாகத் திரும்பப் பதித்தார்கள்.

1961-இல் டீச்சருக்குக் கறம்பக்குடிக்கு மாற்றல் வந்தபோது கெபியின் இடப்பக்கம் முழுவதும் மூடியிருந்தது. வலப்பக்கத்தில் மட்டும் என்ன செய்தும் ஒட்டவில்லை. அதே கல், அதே மழை. ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்தப் பக்கம்தான் போய்த் தடவிப் பார்ப்பாள். காரணம் கடைசிவரை பிடிபடவில்லை.